பிஎஸ்சி சைக்காலஜி முதல் வருசம், தமிழ் மீடியத்துல இருந்து வந்தேன், ஆன்லைன்ல எதை வச்சு படிக்கிறது?

உசிலை மல்லிகை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம், பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அதுவும் காமர்ஸ் குரூப். இப்ப மதுரைல ஒரு காலேஜ்ல சைக்காலஜி முதல் வருசம். ஆசைப்பட்டு எடுத்த படிப்பு, வீட்ல எம்புட்டோ சொல்லியும் இதுதான் வேணும்னு நின்னு சேந்தேன். ஆனா வகுப்புல பிபிடியை போட்டு வாசிச்சிட்டு போயிர்றாங்க, கேள்வி கேட்டா நெட்ல பாத்துக்கம்மான்னு பதில் வருது. நெட்ல பாத்தா ஒண்ணா ரெண்டா, வீடியோ, பிடிஎப், நோட்ஸ்னு சேத்து வச்சதே அறுபதுக்கு மேல இருக்கு, ஒண்ணைக்கூட முழுசா முடிக்கல. முதல் இன்டர்னல்ல 50க்கு 17. சென்சேஷனுக்கும் பர்செப்ஷனுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு கேள்வி, ரெண்டுக்கும் ஒரே பதிலை மாத்தி மாத்தி எழுதிட்டு வந்தேன், அன்னைக்கு பஸ்ல வரும்போது அழுகையே வந்துருச்சு. லேப்டாப் கெடையாது, போன் மட்டும்தான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. தினமும் பஸ்ல போக வர ரெண்டரை மணி நேரம். இதை வச்சு எங்குட்டு இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மூளை, நரம்புன்னு வர்ற பாடத்தை பாத்தாலே பயமா இருக்கு.

வைகை வடகரை:

தங்கச்சி, நான் எம்எஸ்சி சைக்காலஜி ரெண்டாவது வருசம், நானும் தமிழ் மீடியம்தான், அதனால நீ சொல்றது அம்புட்டும் எனக்கு தெரியும். முதல்ல அந்த அறுபதையும் ஒரு போல்டர்ல போட்டு மூடி வை. ஒரே ஒரு புத்தகத்தை புடி.

என்சிஇஆர்டி தளத்துல பதினொண்ணாம் வகுப்பு சைக்காலஜி புக் பாடம் பாடமா பிடிஎப்பா ப்ரீயா கெடைக்கும். ஸ்கூல் புக்குதானேன்னு நெனைக்காத, நம்மளுக்கு அதோட இங்கிலீஷ்தான் சரியா இருக்கும், சின்னச் சின்ன வாக்கியம், நம்ம நாட்டு உதாரணம். அதுல ஒரு பாடத்தை வாசிச்சிட்டு அதே பாடத்துக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் சைக்காலஜி ரெண்டாம் பதிப்புக்கு போ. அது அமெரிக்கால ஹூஸ்டன்ல இருக்க ரைஸ் யூனிவர்சிட்டி ப்ரீயா குடுக்குற காலேஜ் புக், இந்தப் பதிப்பு 2020ல வந்துச்சு, மொத்தம் 16 அத்தியாயம், உங்க முதல் வருச சிலபஸ் முக்காவாசி அதுக்குள்ள அடங்கிரும். முழு பிடிஎப்பை இறக்காத, பெருசு, போன் திணறும். அவங்க தளத்துலயே பக்கம் பக்கமா வாசிச்சா டேட்டா கொஞ்சம்தான் போகும்.

ஆனா முக்கியமானது என்னன்னா ஒவ்வொரு அத்தியாயத்து கடைசிலயும் கேள்வி இருக்கும், அதை யாரும் தொடுறதில்ல, நானும் முதல் வருசம் பூராம் அதை தாண்டித்தான் போனேன். கோடு போட்டுப் போட்டு நாலு தடவை வாசிச்சேன், மார்க் வரல. அப்புறம் புக்கை மூடி வச்சிட்டு ஒரு வெத்துத் தாளை எடுத்து நெனைவுல இருக்கதை எழுதிப் பாக்க ஆரம்பிச்சேன். முத வாட்டி அரைப் பக்கம்கூட வரல. நாலாவது பாடத்துக்குள்ள ரெண்டு பக்கம் வந்துச்சு. இதை ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் 2006ல சோதிச்சே காட்டியிருக்காங்க, திருப்பித் திருப்பி வாசிச்சவங்கள விட மூடி வச்சு நெனைவுபடுத்திப் பாத்தவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சும் நெறைய ஞாபகம் இருந்துச்சு. உன் பாடத்துலயே மெமரி அத்தியாயத்துல இது வரும், அதை பரீட்சைக்கு மட்டும் படிக்காம உன் படிப்புக்கே பயன்படுத்திக்க.

சென்சேஷன் பர்செப்ஷன் கேட்டியே. சாயங்காலம் ஆரப்பாளையம் ஸ்டாண்ட்ல நிக்கிற. உங்க பஸ் வருது, முன்னாடி இன்னொரு பஸ் மறைச்சு நிக்குது, போர்டுல "உசில"ன்னு மட்டும் தெரியுது, மிச்சம் தெரியல. அந்த வெளிச்சம் கண்ணுல பட்டு நரம்பு வழியா போகுது பாரு, அது சென்சேஷன். மூணு எழுத்தை வச்சே உசிலம்பட்டின்னு முடிவு பண்ணி நீ ஓடுற பாரு, அது பர்செப்ஷன். தெரியாத எழுத்தை உன் மூளை தன் அனுபவத்துல இருந்து போட்டு நெரப்பிக்கிச்சு, அதுக்குத்தான் டாப் டவுன் ப்ராசஸிங்னு பேரு. இதே இடத்துல ஊருக்கு புதுசா வந்த ஒருத்தர் நின்னா அவர் கண்ணுலயும் அதே வெளிச்சம்தான் படும், ஆனா ஓட மாட்டார்.

மேலூர் டீச்சர்:

பாப்பா, நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வடகரை சொன்னதுல நான் ஒண்ணு சேக்கணும். தமிழ்ல சைக்காலஜிக்கு ஒண்ணுமே இல்லைன்னு பிள்ளைக நெனைக்குதுக, அது தப்பு. ஆசிரியர் தகுதித் தேர்வுன்னு நடக்குற டெட் பரீட்சைல குழந்தை மேம்பாடும் கற்பித்தலும்னு 150க்கு 30 மார்க் இருக்கு, அதுக்காகவே தமிழ்ல எக்கச்சக்கமான வீடியோவும் குறிப்பும் ஆன்லைன்ல கெடக்கு. பியாஜே, கோல்பர்க், வைகாட்ஸ்கி, பாவ்லோவ், ஸ்கின்னர், தார்ண்டைக் அம்புட்டு பேரும் அதுல உண்டு. பிஎட் கல்வி உளவியல் புத்தகத்துல வர்ற சொல்லை நீ ஒரு நோட்டுல எழுதி வச்சுக்க. ஸ்டிமுலஸ் ரெஸ்பான்ஸ்னா தூண்டல் துலங்கல். கண்டிஷனிங்னா ஆக்கநிலையுறுத்தம். எமோஷன் மனவெழுச்சி, இன்டெலிஜென்ஸ் நுண்ணறிவு, பர்சனாலிட்டி ஆளுமை. ட்ரையல் அண்ட் எரர்ங்கிறத முயன்று தவறிக் கற்றல்னு எம்புட்டு அழகா சொல்லியிருக்காங்க, சொல்லும்போதே அர்த்தம் வந்துருது. இங்கிலீஷ் பாடத்தை வாசிச்சிட்டு தமிழ்ல ஒருத்தருக்கு சொல்லிக் குடு. உங்க அம்மாவுக்கு சொல்லு. அவங்க ஒரு எடத்துல "அது எப்படி?"ன்னு கேப்பாங்க பாரு, அங்கதான் உனக்கே புரியலன்னு அர்த்தம்.

பாவ்லோவ் சொன்ன ஆக்கநிலையுறுத்தத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன். எங்க தெருவுல சாயங்காலம் பருத்திப்பால்காரர் சைக்கிள் மணியை அடிச்சுக்கிட்டு வருவார். கருப்பட்டியும் சுக்கும் போட்ட சூடான பால் நாக்குல பட்டா எச்சில் ஊறும், அதை யாரும் சொல்லிக் குடுக்க வேணாம். பால் இயல்பான தூண்டல், எச்சில் இயல்பான துலங்கல். மணிச் சத்தம் முதல்ல வெறும் சத்தம்தான். தினமும் மணி, பின்னாடியே பால், மணி, பின்னாடியே பால்னு வந்து வந்து இப்ப என் மகனுக்கு மணி கேட்டாலே வாய் ஊறுது, அதான் ஆக்கநிலையுறுத்தப்பட்ட துலங்கல். பால்காரருக்குப் பதிலா பழைய இரும்பு வாங்குறவர் மணி அடிச்சிட்டு வந்தாலும் முதல்ல எந்திரிச்சு ஓடுனான், அது பொதுமைப்படுத்துதல். ரெண்டு வாரத்துல ரெண்டு மணியையும் பிரிச்சு கண்டுக்கிட்டான், அது வேறுபடுத்தி அறிதல். ஜூன்ல நான் காசு குடுக்காம நிறுத்துனேன், மணி கேக்கும், பால் வராது, கொஞ்ச நாள்ல ஓடுறத விட்டுட்டான், அது மறைவு, எக்ஸ்டிங்ஷன். ஊருக்கு போயிட்டு ஒரு வாரம் கழிச்சு வந்தோம், மணி கேட்டதும் திரும்ப எந்திரிச்சான்! அதுக்கு ஸ்பான்டேனியஸ் ரெகவரின்னு பேரு. ஒரே சைக்கிள் மணில உனக்கு பத்து மார்க் கேள்வி பூராம் இருக்கு.

தெப்பக்குளம் குமரன்:

தங்கச்சி, பஸ் நேரத்துக்கு நான் சொல்றேன். க்ராஷ் கோர்ஸ் சைக்காலஜின்னு யூடியூப்ல 40 வீடியோ, ஒவ்வொண்ணும் பத்து நிமிசம் சொச்சம், ஹாங்க் க்ரீன் பேசுறது. ரொம்ப வேகமா பேசுவாரு, 0.75ல வச்சு சப்டைட்டில் போட்டுக்க. பாடத்தை வாசிச்ச பெறகு பாரு, முன்னாடி பாத்தா சிரிச்சிட்டு மறந்துருவ. காலேஜ்ல வைபை இருந்தா அங்கயே டவுன்லோட் பண்ணிக்க, இல்லாட்டி 144ல வச்சாக்கூட போதும், காதுக்குத்தான வேணும். யேல் யூனிவர்சிட்டில பால் ப்ளூம் 2007ல நடத்துன அறிமுக வகுப்பு 20 லெக்சரும் ப்ரீ, அவர் பேசுனத அப்படியே எழுத்தாவும் போட்டிருக்காங்க, அதை வாசிச்சிக்கிட்டே கேட்டா இங்கிலீஷ் காது தன்னால பழகிரும். எம்ஐடில ஜான் கேப்ரியலி 2011ல நடத்துனதும் இருக்கு, உனக்கு பயமா இருக்க மூளைப் பாடத்துக்கு அவர்தான் நல்லா இருப்பார், ஆனா அதை இப்பவே பாக்காத, ரெண்டாவது செமஸ்டர்ல பாரு. மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளம் ஸ்வயம்லயும் சைக்காலஜி கோர்ஸ் வரும், சேந்து படிக்க காசில்ல, சான்றிதழ் பரீட்சைக்கு மட்டும்தான் பீஸ்.

ஒண்ணு மட்டும் கவனமா இரு, பழைய வீடியோல சொன்னதெல்லாம் இன்னைக்கு அப்படியே நிக்கல. 2015ல நூறு ஆய்வுகள திரும்ப செஞ்சு பாத்தப்ப மூணுல ஒரு பங்கு சொச்சத்துக்குத்தான் அதே மாதிரி முடிவு வந்துச்சு. காலேஜ் பசங்கள காவலராவும் கைதியாவும் இருக்க வச்ச ஜிம்பார்டோவோட 1971 சிறைச் சோதனைல காவலர்களுக்கு எப்படி நடக்கணும்னு முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு பின்னாடி ஆவணங்கள் வெளிய வந்துச்சு. நியூயார்க்ல 1964ல கிட்டி ஜெனோவீஸ் கொலைய 38 பேர் பாத்தும் சும்மா நின்னாங்கன்னு எல்லா நோட்ஸ்லயும் இருக்கும், அந்தக் கணக்கு சரியில்லன்னு 2007லயே எழுதிட்டாங்க. வீடியோ எந்த வருசம்னு பாத்துட்டு கேளு.

ப்ராக்டிகலுக்கு சைடூல்கிட்னு ஒரு தளம் இருக்கு, ஸ்ட்ரூப் டெஸ்ட் மாதிரி சோதனைய ப்ரவுசர்லயே செஞ்சு பாக்கலாம். நான் அதோட நிக்காம ஸ்கெட்ச் பேனா வாங்கி "சிவப்பு"ங்கிற வார்த்தைய பச்சைல, "நீலம்"கிறத மஞ்சள்லன்னு ஒரு அட்டைல எழுதுனேன், இன்னொரு அட்டைல அதையே இங்கிலீஷ்ல. எழுதியிருக்க வார்த்தைய விட்டுட்டு மையோட கலரை மட்டும் சொல்லணும். தமிழ் அட்டைலதான் எனக்கு ரொம்ப தடுமாறுச்சு, ஏன்னா தமிழை வாசிக்காம இருக்க என்னால முடியல. ஆட்டோமேட்டிக் ப்ராசஸிங்னா என்னன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

உசிலை மல்லிகை:

அக்கா, டீச்சர், அண்ணே, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரமா என்சிஇஆர்டி ஒரு பாடம், அப்புறம் ஓப்பன்ஸ்டாக்ஸ்ல அதே பாடம்னு போறேன். வெத்துத் தாள்ல முத நாள் ஆறு வரிதான் வந்துச்சு. அம்மா பூக் கட்டிக்கிட்டே கேட்டாங்க, நாய்க்கு எச்சில் ஊறுறத வச்சு பாவ்லோவ் செஞ்ச சோதனைய சொன்னதும் "அந்த நாய்க்கு கடைசில சோறு போட்டாகளா இல்லையா"ன்னு கேட்டாங்க. ஒரு சந்தேகம், நெகட்டிவ் ரீஇன்போர்ஸ்மென்ட்னா தண்டனைதானே? ஒரு வீடியோல அப்படித்தான் சொன்னாங்க, புக்ல வேற மாதிரி இருக்கு.

வைகை வடகரை:

புக் சொல்றதுதான் சரி. ரீஇன்போர்ஸ்மென்ட்னு வந்துட்டா எந்த வகையா இருந்தாலும் அந்தச் செயல் கூடும், தண்டனைன்னா கொறையும். நெகட்டிவ்னா கெட்டதுன்னு அர்த்தமில்ல, ஏதோ ஒண்ணை எடுத்துர்றாங்கன்னு அர்த்தம். குடத்தை தூக்குற வரைக்கும் அம்மா வஞ்சுக்கிட்டே இருக்காங்க, தூக்குனதும் வசவு நின்னுருது, அடுத்த நாள் நீ வெரசா குடத்தை எடுக்குற. வசவு போனதால உன் வேலை கூடுச்சு, இது நெகட்டிவ் ரீஇன்போர்ஸ்மென்ட். நீ போனை நோண்டுனதுக்கு போனை புடுங்கி வச்சா, அதனால நோண்டுறது கொறைஞ்சா, அது தண்டனை, நெகட்டிவ் பனிஷ்மென்ட். ரெண்டு கேள்வி மட்டும் கேளு: ஒண்ணை குடுத்தாங்களா எடுத்தாங்களா, செயல் கூடுச்சா கொறைஞ்சதா.

புதூர் ஆலோசகர்:

நான் மனநல ஆலோசகரா வேலை பாக்குறேன், எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க. அந்த ஓப்பன்ஸ்டாக்ஸ்ல 15வது அத்தியாயம் மனநோய்கள் பத்தி. அங்க வரும்போது அம்மா, நீ கொஞ்சம் நிதானமா போ. வாசிக்க வாசிக்க இது எனக்கு இருக்கு, இது அப்பாவுக்கு இருக்குன்னு தோணும், படிக்கிற பிள்ளைக நெறைய பேருக்கு அப்படி வரும், என்கிட்டயே அழுதுக்கிட்டு வந்திருக்காங்க. அறிகுறிப் பட்டியலை மட்டும் வச்சு யாருக்கும் பேர் வைக்கக் கூடாது, எம்புட்டு நாளா இருக்கு, அன்றாட வேலைய கெடுக்குதான்னு பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. நெசமாவே மனசு தாங்கலன்னா 14416, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், காசில்லாம தமிழ்ல பேசலாம். ரீல்ஸ்ல வர்ற சைக்காலஜி உண்மைகள்ங்கிறத பாடத்தோட சேக்காத.

இதை வாசிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், தபால்ல சைக்காலஜி டிகிரி சேரலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கைல இருந்து தொலைநிலையிலயும் ஆன்லைன்லயும் சைக்காலஜி நடத்தக் கூடாதுன்னு யுஜிசி சொல்லிருச்சு, பணம் கட்டுறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கங்க.

உசிலை மல்லிகை:

நன்றிங்க சார், நம்பரை குறிச்சு வச்சுக்கிட்டேன். அக்கா, ரெண்டாவது இன்டர்னல் 50க்கு 34. பர்செப்ஷன் கேள்வி திரும்ப வந்துச்சு, ஆரப்பாளையம் ஸ்டாண்டையும் பாதி போர்டையும் அப்படியே எழுதிட்டேன். நியூரான் பாடம் நாளைக்கு ஆரம்பிக்கிறேன், அம்மா ரெடியா இருக்காங்க.