செவந்தி நாத்து: ரூம்ல நல்லா இருந்துச்சு, மாடிக்கு ஏத்துனதும் இலை வெளுக்குது, மொட்டும் வருது. அவசரம்

மாடிப்படி
ஓசூர். செவந்தி கொழுந்துத் துண்டு ரூமுக்குள்ள லைட் போட்டு வேர் புடிக்க வெச்சேன். வேர் சூப்பரா வந்துச்சு. மாடியில வெச்சதும் இலை வெள்ளையாகி ஓரம் மொறுமொறுன்னு காயுது. சிலது அரையடி கூட வளரல, அதுக்குள்ள நுனியில மொட்டு. என்ன மருந்து அடிக்கணும்? இன்னும் 150 ரூம்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை மேல ஏத்தணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

குழித்தட்டு
என்ன ரகம்? ரூம்ல லைட் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிஞ்சுது? மேல மூடி போட்டிருந்தீங்களா, அதை எப்ப எடுத்தீங்க? மாடியில நிழல்வலை உண்டா? தொட்டியா, பையா? இதெல்லாம் தெரியாம மருந்துப் பேர் சொல்ல முடியாதுங்க.

உப்பு டப்பா
இலை வெளுக்குதுன்னா மெக்னீசியம் குறைதான். தேங்காய் நார்க்கழிவுல வெச்ச செடிக்கு இது அடிக்கடி வரும். எப்சம் உப்பு லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் இலை மேல தெளிங்க, வாரம் ஒரு தடவை. மூணாவது வாரம் பச்சை திரும்பிடும்.

வேப்பங்கொட்டை
சித்திரை வெயிலுக்குச் செஞ்சிலந்தி காத்துல பரவிக்கிட்டு வரும். இலைக்கு அடியில பார்த்தீங்களா? பார்க்காட்டியும் பரவால்ல, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூடச் சோப்புக் கரைசல் கொஞ்சம். எதுக்கும் ஒரு ரவுண்டு அடிச்சு விடுங்க.

பழைய நர்சரி
வாரத்துக்கு ரெண்டு பேர் இதே கேள்வியோட வர்றாங்க. மேல பின் பண்ணி வெச்ச பதிவைப் படிச்சிருந்தா 60 செடி பொழைச்சிருக்கும். ரூம்ல வளர்ந்த நாத்து ஏசி பஸ்ல வந்த மாப்பிள்ளை மாதிரி. இறக்கி நேரா ஏர்ல பூட்டினா என்ன ஆகும்?

சொட்டுநீர்
60 செடின்னு அவர் எங்கயும் சொல்லலையே?

பழைய நர்சரி
தோராயமா சொன்னேன்.

மாடிப்படி
ரகம் மஞ்சள் செவந்தி. லைட் எல்இடி டியூப் 2, காலைல 5 மணியிலிருந்து ராத்திரி 11 வரைக்கும். மூடி இருந்துச்சு, மாடிக்குக் கொண்டுபோன அன்னிக்குத்தான் எடுத்தேன். வலை இல்ல. கருப்பு குரோ பேக். இன்னிக்குக் காலைல 10 மணிக்கு வேப்பெண்ணெய் அடிச்சேன், மத்தியானத்துக்கு மேல இன்னும் மோசமாயிடுச்சு!!

குழித்தட்டு
மஞ்சள்னா கலருங்க, ரகம் இல்ல. கோ 1-ம் மஞ்சள்தான், பூர்ணிமாவுலயும் மஞ்சள் இருக்கு.

வேப்பெண்ணெயை வெயில்ல அடிச்சா எண்ணெய்ப்படலம் இலையோட மூச்சுத்துளையை அடைச்சு, இலை வெந்துடும். அடிக்கறதா இருந்தா 5 மணிக்கு மேலதான், அதுவும் ஏற்கெனவே வாடி நிக்கிற நாத்துக்கு வேண்டவே வேண்டாம். இப்ப சுத்தத் தண்ணி தெளிச்சு இலையைக் கழுவிட்டு நிழலுக்கு மாத்துங்க.

ஒரு கேள்வி. மாடிக்கு ஏத்தி எத்தனை நாள் ஆச்சு?

மாடிப்படி
முந்தாநேத்து.

பாகலூர் ரோடு
அப்ப மொட்டுக் கணக்கு இடிக்குது. செவந்திக்கு நீள ராத்திரி ஆரம்பிச்சு கண்ணுக்குத் தெரியற மாதிரி மொட்டு வர ரெண்டு மூணு வாரம் ஆகும். ரெண்டு நாள்ல வராது. வெளுத்த செடியும் மொட்டு வந்த செடியும் ஒண்ணுதானா, வேற வேறயா?

மாடிப்படி
ஓ. வேற வேற. மொட்டு வந்தது முதல் பேட்ச், 40 செடி. அது மாச ஆரம்பத்துலயே படிக்கட்டு ஓரம் வெச்சேன், அங்க காலை வெயில் மட்டும்தான். அதுல இலை நல்லாத்தான் இருக்கு. வெளுக்கறது ரெண்டாவது பேட்ச், 60.

பழைய நர்சரி
60. சொன்னேனா?

பாகலூர் ரோடு
சரி, இது ஒரு நோய் இல்ல, தனித்தனியா ரெண்டு தப்பு. ரெண்டுக்கும் மருந்து கிடையாது.

முதல்ல வெளுப்பு. ரூம்ல ரெண்டு டியூப் வெளிச்சம் செடி மேல விழும்போது மிஞ்சிப்போனா 8,000, 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற கணக்கு) இருக்கும். ஏப்ரல் உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ். மூடிக்குள்ள ஈரப்பதம் 90 சதவீதம், மாடியில மத்தியானம் 30, 40தான். மூடிக்குள்ள வந்த இலைக்கு மெழுகுப் பூச்சு கட்டியிருக்காது, மூச்சுத்துளையும் வேணுங்கறப்ப மூடப் பழகியிருக்காது. தண்ணி வெளிய போய்க்கிட்டே இருக்கும், பொடி வேர் அந்த வேகத்துக்கு ஏத்திக் குடுக்காது. ஓரம் காயறது அதனால, நடு இலை வெளுக்கறது வெயில்ல பச்சையம் வெந்ததால.

உப்பு டப்பா சொல்ற மெக்னீசியம் குறை இப்படி ராத்திரியோட ராத்திரியா வராது. அது அடி இலையில, நரம்பு பச்சையா நிக்க இடைவெளி மஞ்சளாகி, வாரக்கணக்குல மேல ஏறும். சந்தேகம்னா ஒண்ணு பாருங்க: ஒரு இலை மேல இன்னொரு இலை படிஞ்சிருக்கற இடத்துல மேல் இலையைத் தூக்கிப் பாருங்க. நிழல் விழுந்த அளவுக்கு மட்டும் பச்சை அச்சுக் குத்தின மாதிரி இருந்தா அது வெயில்தான். சத்துக்குறைக்கு நிழல் கணக்குத் தெரியாது.

மாடிப்படி
பார்த்தேன். அப்படியே இலை வடிவத்துல பச்சை இருக்கு!

உப்பு டப்பா
ஒத்துக்கறேன். ஆனாலும் நார்க்கழிவை அவர் கழுவினாரான்னு யாரும் கேக்கல. கட்டியை ஊறவெச்சு அப்படியே போட்டா சோடியமும் பொட்டாசியமும் இருக்கற கால்சியம், மெக்னீசியத்தைச் செடிக்கு விடாது. 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைச்ச தண்ணியில ஒரு ராத்திரி ஊறவெச்சு, வடிச்சு, ரெண்டு தடவை கழுவணும்.

வேப்பங்கொட்டை
ரசாயனம் எதுக்கு? செம்மண்ணும் மக்கின தொழு உரமும் பாதிப் பாதி போட்டா எல்லாமே சரியா இருக்கும். நார்க்கழிவே ஒரு ஏமாத்து வேலை.

உப்பு டப்பா
98 குழி இருக்கற நாத்துத் தட்டுல செம்மண் போட்டு வேர் புடிக்க வெச்சுக் காட்டுங்க, பார்க்கலாம். குழியிலிருந்து இழுத்தா மண்ணு ஒரு பக்கம் உதிரும், வேர் ஒரு பக்கம் தொங்கும்.

சொட்டுநீர்
செவந்தியா சாமந்தியா? எங்க பக்கம் சாமந்தின்னா வேற பூ.

வேப்பங்கொட்டை
ரெண்டும் ஒண்ணுதான். நீங்க சொல்றது துலுக்கச் சாமந்தி, செண்டுமல்லின்னும் சொல்லுவாங்க. அது விதை போட்டு வர்றது.

பழைய நர்சரி
ஓசூர் சந்தையில தெலுங்குல சாமந்தி, கன்னடத்துல சேவந்திகே, தமிழ்ல செவந்தி. மூணும் ஒரே கூடை. செண்டுமல்லிக்குத் தெலுங்குல பந்தி. பேரை விட்டுட்டு வேலையைப் பாருங்க.

சொட்டுநீர்
எங்க ஊர்ல சாமந்தின்னு கேட்டா செண்டுமல்லிதான் தருவாங்க. நான் தப்பாச் சொல்லல.

பாகலூர் ரோடு
மொட்டு விஷயத்துக்கு வர்றேன். செவந்திக்குப் பகல் நீளம் முக்கியம், இன்னும் சரியாச் சொன்னா ராத்திரி நீளம். வெளிச்சம் பதினாலரை மணி நேரத்துக்குக் கீழ போனா பெரும்பாலான ரகம் மொட்டுக்குத் திரும்பிடும். ஓசூர்ல ஜூன் மாசத்து மிக நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. அதாவது இங்க வருஷம் பூரா எந்த நாள் வெளிய வெச்சாலும் செடிக்கு அது பூக்கற காலம்தான். ரூம்ல 18 மணி நேரம் வெளிச்சத்துல இருந்தது வெளிய வந்ததும் பன்னிரண்டரைக்கு விழுந்துடுச்சு. சின்னதோ பெருசோ, அது மொட்டு வைக்கும்.

அந்த 40 செடியில நுனியைப் பாருங்க. மொட்டுக்குக் கீழ இலை வெட்டு வெட்டா இல்லாம நாடா மாதிரி ஒடுங்கி இருக்கும். மொட்டை மட்டும் கிள்ளிப் பிரயோஜனம் இல்ல, அந்த நாடா இலைக் கணுவுலயும் அடுத்து மொட்டுதான் வரும். நல்லா வெட்டு விழுந்த இலை இருக்கற கணு வரைக்கும் இறங்கி, அடியில 4, 5 இலை விட்டுக் கிள்ளுங்க. அன்னிக்கு ராத்திரியே லைட் ஆரம்பிக்கணும். லைட் இல்லாமக் கிள்ளினா பக்கக் கிளையும் அரையடியில மொட்டு வெச்சு நிக்கும்.

மாடிப்படி
மாடியில டியூப் லைட் 18 மணி நேரம் எரிக்கணுமா? கரண்ட் பில்?

பாகலூர் ரோடு
வேண்டாம். வளர்றதுக்கு வெயில் இருக்கு. இங்க லைட்டோட வேலை ராத்திரியை நடுவுல வெட்டறது மட்டும். 10 மணிக்குப் போட்டு 2 மணிக்கு அணைங்க. மொத்த இருட்டு பன்னண்டு மணிக்குக் கொஞ்சம் கம்மி, அது நாலு நாலு மணி நேரமா உடைஞ்சுடும். செடி நுனியில 100 லக்ஸ் போதும். 10க்கு 10 அடி இடத்துக்கு 9 வாட் வார்ம் ஒயிட் பல்பு ரெண்டு, செடிக்கு மேல 4, 5 அடி உயரத்துல, மேல ஒரு தட்டு கவிழ்த்தா வெளிச்சம் கீழ இறங்கும். போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு நாலு மூலையிலயும் பாருங்க. மூலைச் செடிதான் முதல்ல ஏமாத்தும். மஞ்சள் வெளிச்சம் சொல்றது காரணத்தோடதான்: இந்த வேலைக்குச் சிவப்புதான் முக்கியம், வார்ம் ஒயிட்ல அது கூடுதல்.

பழைய நர்சரி
நடுராத்திரி எதுக்கு? சாயங்காலம் 6 மணிக்குப் போட்டு 10க்கு அணைச்சா முடிஞ்சுது. டைமரும் வேண்டாம்.

பாகலூர் ரோடு
அதுவும் வேலை செய்யும், இருட்டு 8 மணி நேரத்துக்குக் குறைஞ்சுடும். ஆனா நடுராத்திரியில 30 நிமிஷத்துக்கு 6 நிமிஷம்னு விட்டு விட்டு எரிச்சாலே போதும். 200 பல்பு தொங்கற இடத்துல அஞ்சுல ஒரு பங்கு கரண்ட்.

பழைய நர்சரி
அவருக்கு ரெண்டு பல்பு.

பாகலூர் ரோடு
ரெண்டு பல்புக்கு எப்படியும் பரவால்ல. எதைச் செஞ்சாலும் தினம் தவறக் கூடாது. கரண்ட் கட்டாகி நாலஞ்சு ராத்திரி தொடர்ந்து விட்டுப்போனா மறுபடி மொட்டுக்குத் திரும்பும். கிளை 30 செ.மீ. உயரம் வந்ததும் லைட்டை அடியோட நிறுத்துங்க, ரகத்தைப் பொறுத்து 7லிருந்து 10 வாரத்துல பூ. நிறுத்தின பிறகு தெரு விளக்கு வெளிச்சம் படற வரிசை மட்டும் பூக்காம நிக்கும், அதையும் பார்த்துக்கோங்க. நிலா வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம்.

குழித்தட்டு
ரூம்ல இருக்கற 150க்கு: ஞாயித்துக்கிழமை ஏத்தாதீங்க. ரெண்டு வாரம் குடுங்க. முதல் நாலு நாள் ரூம்லயே. மூடியை முதல் நாள் ஒரு விரல் இடைவெளி, அடுத்த நாள் பாதி, மூணாவது நாள் பகல்ல முழுசா எடுத்து ராத்திரி போட்டு, நாலாவது நாள் எடுத்தே வெச்சிருங்க. டேபிள் ஃபேன் சின்ன வேகத்துல, செடி லேசா ஆடற அளவுக்கு. தண்டு தடிக்கும். பகல்ல இலை துவண்டு ஒரு மணி நேரத்துல எந்திரிச்சா போதும், துவண்டே கிடந்தா மூடியைத் திரும்பப் போடணும்.

அஞ்சாவது நாள் வெளிய, 75 சதவீத நிழல்வலைக்கு அடியில. நேரடி வெயில் கூடாது. ஏழாவது நாளிலிருந்து காலை 7லிருந்து 8 வரை வலைக்கு வெளிய, தினம் முக்கால் மணி நேரம் கூட்டுங்க. பத்தாவது நாள் 50 சதவீத வலைக்கு மாத்துங்க. மாடி வெயில்ல மதியம் முழுக்க நிக்க வைக்கறது 14 நாளுக்கு அப்புறம்தான், அதுவும் மேகமா இருக்கற நாளாப் பார்த்து. லைட்டு 10 டு 2 வெளிய வந்த முதல் ராத்திரியிலிருந்து.

கருப்பு பையை நேரா தளத்துல வைக்காதீங்க. செங்கல் மேல ஏத்துங்க, மேற்குப் பக்கம் சாக்கு கட்டுங்க. பை ஓரத்து மண் மத்தியானம் 40 டிகிரியைத் தாண்டும், வேர் முதல்ல சாகறது அங்கதான். இந்த ரெண்டு வாரம் யூரியா, பஞ்சகவ்யம் எதுவும் வேண்டாம். தழைச்சத்து ஏறினா இலை இன்னும் தளதளன்னு வந்து இன்னும் சீக்கிரம் வேகும்.

வேப்பங்கொட்டை
பஞ்சகவ்யம் 3 சதவீதம் குடுத்தா ஒண்ணும் ஆகாது.

குழித்தட்டு
வேர் நல்லா ஓடின பிறகு குடுங்க, யார் வேண்டாங்கறா.

சொட்டுநீர்
அந்த வெளுத்த 60 தேறுமா?

குழித்தட்டு
வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது, புது இலை வரணும். நடுக்குருத்து பச்சையா இருந்தா தேறும். வெளுத்ததை உடனே பிச்சு எறியாதீங்க, பாதி பச்சை இருந்தாலும் அது கஞ்சி காய்ச்சிக் குடுக்கும்.

காலை 7 மணிக்கே எது துவண்டிருக்கோ அதை மட்டும் எடுத்து வேரைப் பாருங்க. மத்தியானம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தா வெயில், காலைலயே துவண்டா வேர். பழுப்பு வேரை ரெண்டு விரல்ல புடிச்சு இழுத்தா தோல் உருவிக்கிட்டு வந்து உள்ள நூல் மட்டும் நின்னா அழுகல். அதைத் தனியாத் தூக்கிப் போடுங்க. வாடுதேன்னு தண்ணி மேல தண்ணி ஊத்தறதுதான் அடுத்த தப்பு.

மாடிப்படி
காலைல பார்த்தேன், 11 செடி அப்படித்தான் இருந்துச்சு, எடுத்துட்டேன். டைமர் வாங்கியாச்சு. 150 ரூம்லயே இருக்கு, மூடி பாதி. எல்லாருக்கும் நன்றி.

பழைய நர்சரி
பின் பண்ணின பதிவுல இவ்வளவும் இருக்கு.

உப்பு டப்பா
நார்க்கழிவு பத்தி இல்ல.

பாகலூர் ரோடு
7 வாரமா 10 வாரமான்னு ரகத்தை வெச்சுத்தான் சொல்ல முடியும். ரகம் என்னங்க?

குழித்தட்டு
மஞ்சள்.

பாகலூர் ரோடு
மாடிப்படி, துண்டு எடுத்த தாய்ச்செடி எந்த மாசம் பூத்துச்சுன்னாவது சொல்லுங்க, கணக்குப் போட்டுடலாம்.

சொட்டுநீர்
ஆளைக் காணோம். நாலு நாளாச்சு.