எக்ஸ்ப்ளெய்ன் பண்ணச் சொன்னேன், பண்ணிவிட்டார்கள்

புகார் லெட்டரில் ஒரு ஆங்கில வார்த்தையால் சொதப்பிய கதைகள், மூன்று பேர் ஆளுக்கொன்றாகச் சொன்னது. முதலில் என்னுடையது, 2022ல் நடந்தது. ஏடிஎம்மில் பத்தாயிரம் எடுக்கப் போனேன், மெஷின் உறுமியது, பணம் வரவில்லை, கழித்துவிட்டோம் என்ற எஸ்எம்எஸ் மட்டும் டாண் என்று வந்தது. ஐந்து நாளில் தானாக ஏறிவிடும் என்றார்கள் வங்கியில். ஏறவில்லை. ராத்திரி உட்கார்ந்து "கைண்ட்லி எக்ஸ்ப்ளெய்ன் வொய் மை அக்கவுண்ட் வாஸ் டெபிட்டட்" என்று லெட்டர் எழுதினேன். ஒரு வாரம் கழித்து பதில் வந்தது, தொழில்நுட்பக் கோளாறாம், அழகாக விளக்கியிருந்தார்கள். பணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

மாடி வீட்டு சார் ஆடிட் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். படித்துவிட்டுச் சிரித்தார். "விளக்கம் கேட்டீங்க, குடுத்துட்டாங்க. பணம் எங்கே கேட்டீங்க?" எக்ஸ்ப்ளெய்னை அடித்துவிட்டு மேலே 'ரிவர்ஸ்' என்று எழுதினார், அதாவது எடுத்ததைத் திரும்பப் போடு என்று; கீழே இன்னொரு வரியில் 'பே'. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஐந்து நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, அதற்குத்தான் அந்த 'பே'. 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், ஆனால் 2021 திட்டப்படி வெறும் விளக்கமோ ஆலோசனையோ கேட்கும் கடிதம் அங்கே புகார் கணக்கிலேயே சேராது என்றார். அதுவரை போகவில்லை. பத்தாயிரமும், தாமதமான 23 நாளுக்கு 2,300ம் வந்தது.

கெஞ்சுவது, அதட்டுவது, விளக்கம் கேட்பது எல்லாமே தமிழில் 'கேட்டேன்'தான், வித்தியாசத்தைக் குரலில் காட்டிவிடுவோம். லெட்டருக்கு ஏது குரல்?

*

என் கதை 'ரிவர்ட்'. லண்டனில் ஒரு ஹோட்டல், தேதியை மாற்றித் தந்துவிட்டு இரண்டு தடவை பணம் எடுத்துவிட்டார்கள். "யூ சீட்டட் மீ" என்று முதலில் அடித்தேன், அப்புறம் சண்டைக்குத்தான் வருவார்கள் என்று 'சார்ஜ்டு மீ ட்வைஸ்' ஆக்கினேன், அதுவரை புத்திசாலித்தனம்தான். முடிவில் பழக்கதோஷத்தில் "ப்ளீஸ் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்" போட்டேன். நம் ஆபீஸ்களில் அதற்கு பதில் போடுங்கள் என்று அர்த்தம், அங்கே பழையபடி ஆக்குங்கள் என்று அர்த்தம். புக்கிங்கைப் பழைய தேதிக்கே மாற்றிவிட்டு, செய்துவிட்டோம் என்று மெயில் வேறு!

*

நீங்களெல்லாம் பரவாயில்லை. நான் பத்து வருஷமாக "ஐ கம்ப்ளெயின்ட் அபௌட்" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். எதோடும் 'பண்ணு' சேர்த்தால் நமக்கு வினைச்சொல் ஆகிவிடுகிறது, அந்தத் தைரியம். ஆங்கிலத்தில் 'கம்ப்ளெயின்ட்' பெயர்ச்சொல், வினைச்சொல் வெறும் 'கம்ப்ளெயின்'தான். போன மாசம் கரண்ட் பில் லெட்டரில் அந்தக் கடைசி 'டி'யை ஏழாவது படிக்கிற என் மகள் ரப்பர் வைத்து அழித்தாள்.