வார்ப்பு வடிகட்டி உடைகிறது, அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஓசூரில் ஒரு சிறிய வார்ப்பாலையில் வேலை செய்கிறேன். எஸ்.ஜி. இரும்பை (மெக்னீசியம் சேர்த்து, உள்ளிருக்கும் கிராஃபைட்டை உருண்டைகளாக்கிய வார்ப்பிரும்பு) சுமார் 1400 டிகிரி செல்சியஸில் அச்சில் ஊற்றுகிறோம். கசடைத் தடுக்க ஓட்டப் பாதையில் சிலிக்கான் கார்பைடு நுரை வடிகட்டி (நுரைபோல் துளைகள் நிறைந்த பீங்கான் துண்டு) வைக்கிறோம். அண்மையில் வந்தவற்றில் சில, உருகிய இரும்பு பட்டதுமே விரிசல் விட்டு, துண்டுகள் வார்ப்புக்குள்ளேயே போய்விடுகின்றன. கடைசல் வேலையின்போதுதான் அது தெரிகிறது. அத்தனை பேர் உழைப்பும் வீணாவது வேதனையாக இருக்கிறது.

இந்த வடிகட்டியைச் செய்யும்போது பாலியூரித்தேன் நுரையைப் பீங்கான் குழம்பில் தோய்த்துச் சுடுகிறார்கள். நுரை எரிந்துபோக, ஒவ்வொரு இழையின் நடுவிலும் முக்கோண வெற்றிடம் மிஞ்சுகிறது. அதன் கூர்மையான மூலைகளில்தான் விரிசல் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. இரண்டாவது பூச்சு கொடுத்தால் இழை தடிக்கும், வலுவும் கூடும். ஆனால் துளை சுருங்கும். எஸ்.ஜி. இரும்பில் மெக்னீசியக் கசடு வேறு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

எஃகு வார்ப்பவர்கள், இன்னும் அதிக வெப்பம் தாங்கும் சிர்கோனியா என்ற பீங்கானால் ஆன வடிகட்டியைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் வெப்பநிலைக்கு அந்தச் செலவு தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது பூச்சு கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அங்குலத்துக்கு 20 துளையிலிருந்து 10 துளைக்கு மாறினால் கசடு தப்பிவிடுமா? உலோகம் நேராக வடிகட்டிமேல் விழாமல் இருக்கப் பாதையை எப்படி அமைக்கிறீர்கள்? கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் உடைந்த துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால், மாதிரிகளை நானே கொண்டுவந்து தருகிறேன்.