பாட்டியின் சுருக்கத்தை அழித்தது சரியா?

மாம்பலம் கேமரா:
சதாபிஷேகத்துக்காக ஒரு பாட்டியை எடுத்த படம் இது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. 85 எம்எம் லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 8. இடப்பக்கம் ஆறடி தள்ளி 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டி) ஒன்று, வலப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மாகோல் அட்டை. சுருக்கங்களை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

சைதை ஷட்டர்:
கொஞ்சமா? மொத்தமாகத் தேய்த்துவிட்டீர்கள். கன்னம் மெழுகு பொம்மை, கழுத்துக்கு மட்டும் எண்பது வயது. இதைப் போர்ட்ரெய்ட் என்று வெளியே காட்டாதீர்கள்.

திருவான்மியூர் அலை:
சார், கன்னமும் கழுத்தும் ஒட்டவில்லை என்றீர்களே, அது விமர்சனம். வெளியே காட்டாதே என்பது விரட்டுவது. முதலில் பாட்டிக்குப் படம் பிடித்ததா என்று யாராவது கேட்டீர்களா?

சைதை ஷட்டர்:
பாட்டிக்குப் பிடித்தால் சந்தோஷம் மேடம். ஆனால் இங்கே குறை கேட்டது படம் எடுத்தவர். இதுவரை பதினோரு பேர் "செம", "சூப்பர்" என்று எழுதியாயிற்று, விளக்கு எங்கே நிற்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு சின்னப் பெட்டியை ஆறடியில் வைத்தால் ஒவ்வொரு சுருக்கமும் கறுப்பாக நிழல் போடும். அப்புறம் கணினியில் உட்கார்ந்து தேய்க்க வேண்டியதுதான். மூன்றடிக்குக் கொண்டுவாருங்கள், முகத்துக்குப் பெட்டி பெரிதாகி நிழல் மென்மையாகும். வெளிச்சம் நான்கு மடங்காகும், ஃபிளாஷை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காக, குறையுங்கள். பாதிச் சுருக்கம் தானாக அடங்கும்.

திருவான்மியூர் அலை:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே!

பழைய நெகடிவ்:
பாண்டி பஜார் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ரீடச் வேலை பார்த்தவன் நான். சுருக்கம் அழிப்பது ஒன்றும் புதிதில்லை. நெகடிவில் கறுப்பும் வெளுப்பும் தலைகீழ், அதனால் சுருக்கத்தின் நிழல் வெளுப்பாகத் தெரியும், கூராகச் சீவிய பென்சிலால் அங்கே புள்ளி வைப்போம், பிரிண்டில் நிழல் குறைந்துவிடும். கண்ணோரக் கோட்டை மட்டும் தொட்டால் மாஸ்டர் கையில் அடிப்பார். ஆளே மாறிவிடுமாம்.
சைதைத் தம்பி, பாட்டி போட்டிருப்பது வைர மூக்குத்தி. பெரிய, மென்மையான வெளிச்சத்தில் வைரம் வெறும் கண்ணாடி மாதிரி கிடக்கும். மின்னுவதற்குச் சின்ன விளக்கு ஒன்று தனியாக வேண்டும். அவருக்கு எது முக்கியம் என்று நீங்களும் கேட்கவில்லையே?

சைதை ஷட்டர்:
மூக்குத்தியைக் கவனிக்கவில்லை ஐயா, என் தப்புதான். ஆனால் சர்க்கரை தடவிப் பேச எனக்கு வராது, அதை மாற்றிக்கொள்ளப் போவதுமில்லை.

மாம்பலம் கேமரா:
சுருக்கம் தெரியக்கூடாது என்றது மகள். மூக்குத்தி தெரியணும் என்றது பாட்டி. அதை எழுதாமல் விட்டது என் பிழை.
சைதை அண்ணா, வெளியே காட்டாதே என்றதைப் படித்ததும் படத்தை நீக்கப் போனேன், அதுதான் உண்மை. விளக்கைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் நீக்கியும் இருப்பேன். நேற்று ராத்திரி அம்மாவை உட்காரவைத்து மூன்றடியில் எடுத்துப் பார்த்தேன். தோல் நன்றாக வந்தது. ஆனால் பின்னால் இருக்கும் சாம்பல் திரை கறுப்பாகிவிட்டது. ஏன்?

சைதை ஷட்டர்:
விளக்கு கிட்டே வர வர, ஆளுக்குப் பின்னால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். திரை அம்மாவுக்கு எத்தனை அடி பின்னால் இருந்தது? அளந்து எழுதுங்கள்.