முசாஷி கையில் இருந்தது துடுப்பா? மாஸ்டர் போட்ட புத்தகப் பட்டியல்

கீழக்கரைக் காக்கா:
கராத்தே சொல்லிக்கொடுக்கும் நம்ம உச்சிப்புளி மாஸ்டர் "சண்டைக்கலை பயில்வோர் படித்தே ஆக வேண்டிய ஐந்து நூல்கள்" என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். வாட்ஸாப்பில் தொண்டியிலிருந்து மச்சான் மகன் அனுப்புகிறான், மண்டபத்திலிருந்து இன்னொருத்தர் அனுப்புகிறார். இன்று காலையில் மீன் வாங்கப் போன இடத்தில்கூட ஒருத்தர் காட்டினார்.

முதல் இடம் ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியின் ஐந்து வளையங்களின் நூல். நல்ல நூல்தான், மறுப்பில்லை. ஆனால் பக்கத்தில் மாஸ்டர் எழுதிய வரி: "படகில் போகும்போதே துடுப்பைச் செதுக்கி மரவாளாக்கி, சசாகி கொஜிரோவை ஒரே அடியில் சாய்த்த கதையை முசாஷியே இதில் விவரிக்கிறார்."

எங்கே விவரிக்கிறார்? மண், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்று ஐந்து ஏடு. ஐந்திலும் துடுப்பு கிடையாது. கொஜிரோ பெயரே கிடையாது. 13 வயதில் அரிமா கிஹெய் என்பவனை வென்றேன், 28, 29 வயதுக்குள் 60 தடவைக்கு மேல் மோதினேன், ஒன்றிலும் தோற்கவில்லை. தொடக்கத்தில் தன் சண்டைகளைப் பற்றி ஏறக்குறைய இவ்வளவுதான் சொல்கிறார். மாஸ்டர் பக்க எண் தந்தால் போதும்.

உச்சிப்புளி மாஸ்டர்:
வணக்கம் காக்கா. 1612ல் கான்ரியு தீவில் அந்தச் சண்டை நடந்தது உலகத்துக்கே தெரியும். அந்தத் தீவில் ரெண்டு பேருக்கும் சிலையே வச்சிருக்காங்க. பிள்ளைங்களுக்கு ஒரு ஆர்வம் வரட்டும்னு ரெண்டு வரி எழுதினேன். குத்தம் கண்டுபிடிக்கிறதே தொழிலா வச்சிருக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்ல?

கீழக்கரைக் காக்கா:
சண்டை நடந்ததா என்று நான் கேட்கவில்லை. புத்தகத்தில் துடுப்பு எந்தப் பக்கம்?

பாம்பன் வத்தைக்காரன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஜப்பான் எனக்குத் தெரியாது, துடுப்பு தெரியும். உப்புத்தண்ணியில ஊறி, வெயில்ல காஞ்சு, மறுபடி ஊறுன கட்டை அது. ஓடுற வத்தையில, அதான் எங்க படகுல, உக்காந்து அதைக் கத்தியால சீவுனா கட்டை சீவாது, விரல்தான் சீவும். எழுதுன ஆளு கடலைப் பார்த்திருக்க மாட்டாரு.

தேவிபட்டினம் கம்பு:
அண்ணே, முழுத் துடுப்பையுமா சீவச் சொன்னாங்க? பலகைப் பக்கம் ஓரத்தை லேசா எடுத்து, பிடியை ஒடுக்கினா ஆச்சு. அவரு வாள்வீரர். நம்மள மாதிரி கருவாட்டுக் கத்தி வச்சா சீவுனாரு?

பாம்பன் வத்தைக்காரன்:
கருவாட்டுக் கத்தியை இளக்காரமா பேசாதப்பு. உங்க ஊர்க்காரங்க கரையில நின்னு கம்பு சுத்துறவங்க. கட்டையைப் பத்தி எங்ககிட்ட கேளுங்க.

தேவிபட்டினம் கம்பு:
எங்க ஊர் நவபாஷாணக் கோயிலுக்கே கடலுக்குள்ளதான் நடந்து போறோம். எங்களுக்குக் கடல் தெரியாதா?

மண்டபத்தம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எம் மக எட்டாவது படிக்கிறா, சிலம்பம் கத்துக்கிறா. அவளுக்குப் படிக்கக் கொடுக்கிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்கண்ணே. தமிழ்ல இருந்தா நல்லது.

கீழக்கரைக் காக்கா:
துடுப்பு எப்படி வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். முசாஷி இறந்தது 1645. குமமோட்டோ பக்கம் ஒரு குகையில் உட்கார்ந்து 1643ல் தொடங்கிய நூலைச் சாவதற்குச் சில நாள் முன்னால்தான் முடித்துச் சீடனிடம் கொடுத்தார். 1654ல் அவருடைய வளர்ப்பு மகன் இயோரி, கொக்குராவில் கல்வெட்டு நிறுத்தினார். அதில் கான்ரியு தீவுச் சண்டை இருக்கிறது. மரவாள் என்று இருக்கிறது. துடுப்பு என்று இல்லை. இன்னொன்று கேளுங்கள், இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. முசாஷி வேண்டுமென்றே தாமதமாக வந்து எதிரியைக் கோபப்படுத்தினார் என்று மாஸ்டர் வகுப்பில் சொல்வாரே, அதுவும் போச்சு. துடுப்பும் தாமதமும் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய முசாஷியின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பரவியவை. அப்புறம் 1935 முதல் 1939 வரை ஒரு ஜப்பானிய நாளிதழில் யோஷிகாவா எய்ஜி தொடர்கதை எழுதி ஊரெங்கும் சேர்த்துவிட்டார். மாஸ்டர் படித்தது நாவலை. பரிந்துரைத்தது வேறு நூலை.

உச்சிப்புளி மாஸ்டர்:
மகன் எழுதாம விட்டா நடக்கலைன்னு அர்த்தமா? மரவாள்னு ஒத்துக்கிட்டீங்க. அந்த மரம் எங்கிருந்து வந்துச்சு? படகுல துடுப்பு இருந்துச்சு. ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியாதா? நான் முப்பது பிள்ளைங்களுக்கு உடம்பால சொல்லிக் கொடுக்கிறேன். நீங்க நாற்காலியில உக்காந்து கல்வெட்டு படிங்க.

கீழக்கரைக் காக்கா:
படகில் நங்கூரமும்தான் இருந்திருக்கும். அதையும் செதுக்கினார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஒரு கேள்வி. கொஜிரோவின் வாள் மூன்று அடி தேறும் என்கிறது கதை. அதைவிட நீளமாக இருக்கட்டும் என்றுதான் முசாஷி துடுப்பை எடுத்தாராம். ஆனால் தன் நூலின் காற்று ஏட்டில், நீள வாளை நம்பிப் பிழைக்கும் மற்றப் பள்ளிகளைத்தான் அவர் கண்டிக்கிறார். தூரத்தில் நின்று ஜெயிக்கப் பார்ப்பது மனபலம் இல்லாதவன் செய்கை என்கிறார். உண்மையிலேயே நூலைப் படித்தவருக்கு அங்கே ஒரு உறுத்தல் வந்திருக்க வேண்டாமா?

தேவிபட்டினம் கம்பு:
நீளம் கூடாதுன்னா சிலம்பமே கூடாதா காக்கா? எங்க கம்பு நெத்தி உசரம் நிக்கும். தூரத்துல நிறுத்தி அடிக்கிறதுதான் கம்போட லட்சணம். ஜப்பான்காரன் புத்தகம் எதுக்கு நமக்கு? சிலப்பதிகாரத்துலயே வெளிநாட்டு வியாபாரிக்குச் சிலம்பக் கம்பு வித்தது வருது. அதைப் படிங்க எல்லாரும்.

தொண்டி தமிழாசிரியை:
தம்பி, எந்தக் காதையில் வருகிறது?

தேவிபட்டினம் கம்பு:
எங்க வாத்தியார் சொன்னது டீச்சர்.

தொண்டி தமிழாசிரியை:
சிலப்பதிகாரத்தில் 30 காதை. வாத்தியாரிடமே கேட்டு எண்ணை மட்டும் சொல்லுங்கள், நான் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறேன், என் கண்ணில் மட்டும் அந்தக் கம்பு படவே மாட்டேன் என்கிறது.

சண்டைக்கலைக்குத் தமிழில் ஒன்று படிக்க வேண்டுமானால் புறநானூறு 80ஆம் பாட்டைப் படியுங்கள். ஆமூர் மல்லனைப் போரவைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்துவதைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மார்பில் மடங்கி அழுத்த, இன்னொரு கால் அவன் போடப் பார்க்கும் தந்திரத்தை முதுகுப்புறம் தடுக்கிறது. பசித்த யானை மூங்கிலை வளைப்பதுபோல் தலையும் காலும் ஒடிய மோதுகிறான். ஒன்பதே அடி. அதில் பிடி இருக்கிறது, எடை இருக்கிறது, பகைத்துக்கொண்ட அப்பன் தித்தன் இதைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கமும் இருக்கிறது. பட்டியலில் இதற்கு இடமில்லை, ஜப்பான் துடுப்புக்கு இடமிருக்கிறது.

உச்சிப்புளி மாஸ்டர்:
டீச்சர், அது மல்யுத்தம். நான் போட்டது கராத்தே பிள்ளைங்களுக்கு.

கீழக்கரைக் காக்கா:
கராத்தே பிள்ளைகளுக்கா? தலைப்பில் "சண்டைக்கலை பயில்வோர்" என்று அல்லவா போட்டீர்கள்? கராத்தேக்கு என்றால் கராத்தே ஆசான் ஃபுனாகோஷி 1935ல் வெளியிட்ட கராத்தே தோ கியோஹான் எங்கே போனது? கட்டா என்ற அடவு வரிசைகள் படத்தோடு இருக்கும் நூல். அதை விட்டுவிட்டு வாள்காரரை முதலில் வைத்தீர்கள். ஏனென்றால் துடுப்புக் கதை ருசியாக இருக்கிறது.

இரண்டாவது இடத்தைப் பாருங்கள். "புரூஸ் லீ தன் வாழ்நாளில் வெளியிட்ட மாபெரும் நூல், தாவோ ஆஃப் ஜீத் குன் டோ." அவர் இறந்தது 1973. புத்தகம் வந்தது 1975. அவர் எழுதி வைத்த குறிப்புகளை மற்றவர்கள் தொகுத்தார்கள். வாழ்நாளில் வெளியிட்டாராம்!

உச்சிப்புளி மாஸ்டர்:
குறிப்பு அவரோடதுதானே? ரெண்டு வருஷ வித்தியாசத்துக்கு இவ்வளவு சத்தமா?

பாம்பன் வத்தைக்காரன்:
அதை விடுங்க. அந்தத் தீவு எந்தக் கடல்ல இருக்கு?

கீழக்கரைக் காக்கா:
ஜப்பானின் பெரிய தீவுக்கும் கியூஷூவுக்கும் நடுவில், கன்மோன் நீரிணையில். ஒடுக்கமான கடல், கடுமையான நீரோட்டம்.

பாம்பன் வத்தைக்காரன்:
அப்பறம் என்ன! நம்ம பாலத்துக்கடியில ஓடுற மாதிரி ஓடும். அந்த ஓட்டத்துல எந்தப் படகோட்டி துடுப்பைச் சீவக் கொடுப்பான்? எதை வச்சுக் கரை சேருவான்? நான் முதல்லயே சொன்னேன்.

தேவிபட்டினம் கம்பு:
மிச்சத் துடுப்பு இருந்திருக்கும் அண்ணே. ஒரே ஒரு துடுப்போடவா நீங்க கடலுக்குப் போறீங்க?

பாம்பன் வத்தைக்காரன்:
எங்ககிட்ட இப்ப இன்ஜின் இருக்கு.

மண்டபத்தம்மா:
அண்ணே, டீச்சர் சொன்ன பாட்டைப் பிள்ளைக்குப் படிச்சுக் காட்டுறேன், நன்றி டீச்சர். சிலம்பத்துக்குன்னு தனியா ஏதாவது இருக்கா?

தேவிபட்டினம் கம்பு:
சிலம்பத்தைப் புத்தகத்துல படிக்க முடியாதுக்கா. காலடி வராம கம்பைத் தொடவே விடமாட்டார் எங்க வாத்தியார். சலாம் வரிசை, வீச்சு, பூட்டு, எல்லாம் கண்ணால பார்த்துக் கையால வாங்கணும். மத்தபடி போட்டிக்கு அனுப்பாதீங்க. போன தடவை ஒரு போட்டியில தோள்ல விழுந்த தொடுபுள்ளியைப் பார்க்கவே இல்லைன்னு சொன்ன நடுவர் இந்த விவாதத்துலயே இருக்காரு. பேரு சொல்லலை.

உச்சிப்புளி மாஸ்டர்:
தொட்டாத்தானே புள்ளி? கம்பு காத்துல போச்சு. தோத்த பிள்ளையைத் தேத்தாம இன்னும் அதையே பேசிட்டுத் திரியிறீங்க.

தேவிபட்டினம் கம்பு:
காத்துல போச்சா? சட்டையில தடம் இருந்துச்சு! கராத்தே மாஸ்டரைச் சிலம்பத்துக்கு நடுவரா போட்டா இப்படித்தான்.

கீழக்கரைக் காக்கா:
உங்கள் புள்ளிச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப்பக்கத்தவர்கள் உண்மையில் படிக்க வேண்டியது 1830ல் வந்த கர்னல் ஜேம்ஸ் வெல்ஷின் ராணுவ நினைவுக்குறிப்பு. சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிதடியை வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று எழுதுகிறார். தேர்ந்த கையில் 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்கிறார். அவர் கையில் பிடித்துப் பழகிய ஆயுதம் அது. அதை எழுதியவர் சொல்வதற்கும், துடுப்பைக் கனவு கண்டவர்கள் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

தேவிபட்டினம் கம்பு:
1801ல மருதிருவர் மேல படையெடுத்து வந்தவங்கள்ல ஒருத்தர்தானே அந்த வெல்ஷ்? கத்துக்கொடுத்தவரைத் தூக்குல போட்ட கூட்டத்துல இருந்தவர் எழுதுனதைத்தான் எம் பிள்ளை படிக்கணுமா? நல்லா இருக்கு காக்கா.

தொண்டி தமிழாசிரியை:
அவர் சின்ன மருதுவின் முடிவுக்காக வருந்தியும் எழுதியிருக்கிறார் தம்பி. காதை எண் இன்னும் வரவில்லை.

தேவிபட்டினம் கம்பு:
கேட்டுச் சொல்றேன்னேன்ல டீச்சர். வாத்தியார் ஊர்ல இல்லை.

உச்சிப்புளி மாஸ்டர்:
காக்கா இவ்வளவு பேசுறாரே, அவர் வீட்டு அலமாரியில இருக்கிற ஐந்து வளையங்களின் நூல் யாரோடதுன்னு கேளுங்க. எங்க பயிற்சிக்கூடத்துல இருந்து வாங்கிட்டுப் போனது. கொரோனாவுக்கு முன்னாடி. திரும்பி வரலை. என் புத்தகத்தை வச்சுக்கிட்டு என்கிட்டயே பக்கம் கேட்கிறாரு.

கீழக்கரைக் காக்கா:
ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இவர் அதைத் திறந்ததே இல்லை. நான் வாங்கும்போது பாதிப் பக்கம் ஓரம் பிரிக்காமல் ஒட்டிக் கிடந்தது. நான்தான் பிளேடு வைத்துப் பிரித்தேன். துடுப்பு இருக்கும் பக்கத்தைக் காட்டுங்கள், அன்றைக்கே உச்சிப்புளிக்கு வந்து கையில் கொடுக்கிறேன்.

உச்சிப்புளி மாஸ்டர்:
பேசிப் பிரயோஜனம் இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில என் பிள்ளைங்களை அரியமான் கடற்கரைக்குக் கூட்டிட்டு வர்றேன். படகுல உக்காந்தே துடுப்பைச் செதுக்கிக் காட்டுறேன். வீடியோ போடுவோம். அதுக்கப்பறம் எவனும் வாயைத் திறக்கக் கூடாது. பாம்பன் அண்ணே, உங்க வத்தையில ஒரு ஓரமா இடம் கொடுங்க.

கீழக்கரைக் காக்கா:
நீங்கள் ஆலமரத்தையே செதுக்குங்கள். புத்தகத்தில் எந்தப் பக்கம்?

மண்டபத்தம்மா:
ஞாயித்துக்கிழமை எம் மகளுக்கு உங்ககிட்ட கராத்தே கிளாஸ் இருக்கு மாஸ்டர். அதை ரத்து பண்ணிட்டு இதுக்குப் போறீங்களா?

பாம்பன் வத்தைக்காரன்:
வத்தையில ஏறிக்கங்க, டீசலுக்குக் காசு கொடுத்துருங்க. துடுப்பை மட்டும் நீங்களே கொண்டு வாங்க மாஸ்டர். என் துடுப்பு மேல எவனாச்சும் கத்தி வச்சான்னா நடக்கிறதே வேற.