மறு: மறு: ‘கோச்சிங் ட்ரீ’ – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

தாழை | செவ்வாய், இரவு 9.40

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்தில் உதவிப் பயிற்சியாளர்கள் எப்படி மேலே வருகிறார்கள் என்று ஒரு நீண்ட கட்டுரை. ஒரு மாத இதழுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

பதவிப் பெயர்களில் பெரிய சிக்கல் இல்லை. அசிஸ்டென்ட் கோச் உதவிப் பயிற்சியாளர், அசோசியேட் ஹெட் கோச் இணைத் தலைமைப் பயிற்சியாளர். பேராசிரியர்களுக்கு ஏற்கெனவே உதவியும் இணையும் இருப்பதால் யாரும் தடுமாறப் போவதில்லை. மாட்டிக்கொண்டது ‘கோச்சிங் ட்ரீ’யில். ஒருவரிடம் உதவியாளராக இருந்துவிட்டு வேறு வேறு கல்லூரிகளுக்குத் தலைமைப் பதவியில் போனவர்கள் எல்லோரையும் சேர்த்து அவருடைய ‘மரம்’ என்கிறார்கள். ‘பயிற்சியாளர் மரம்’ என்று எழுதிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் விசிலோடு நிற்கிற உடற்கல்வி ஆசிரியர்தான் கண்ணுக்குத் தெரிகிறார். கட்டுரை முழுக்க இந்தச் சொல்தான். உதவுங்கள்.

கீழ்க்கணக்கு | புதன், காலை 5.15

அம்மா, மரத்துக்குப் போகுமுன் வேரைப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் என்பதே பிழை. பயில்தல் தன்வினை, பயிற்றுதல் பிறவினை. பயிற்சி மருத்துவர் என்றால் கற்றுக்கொள்கிற மருத்துவர். அப்படியானால் பயிற்சியாளர் கற்பவரா, கற்பிப்பவரா? பயிற்றுநர் என்று எழுதுங்கள். ‘ன’ போட்டு எழுதிவிடாதீர்கள். பொருநர், பாடுநர் என்று ‘நர்’ விகுதி பழையது.

இனி மரம். ஆங்கிலேயர் குலமுறையை மரமாகப் பார்த்தார்கள், நாம் கொடியாகப் பார்த்தோம். கொடிவழி என்ற சொல் கையில் இருக்கிறது, தேட வேண்டியதில்லை. ‘கொடு’ என்பது வளைவைக் குறிக்கும் வேர். கொடுவாள், கொடுக்கு, கோணல், கோட்டம் எல்லாம் அதன் பிள்ளைகள். வளைந்து படர்வதால் கொடி. நேராக நிற்கும் மரத்துக்கு இந்தப் பொருள் வராது. கொடுமைக்கும் இதுவே வேர் என்பதைத் தனி மடலில் விளக்குகிறேன்.

பனங்காய் | புதன், காலை 8.02

ஐயா, எங்கள் ஈழத்துப் பத்திரிகைகள் எப்போதோ ‘பயிற்றுவிப்பாளர்’ என்று எழுதத் தொடங்கிவிட்டன. கற்பவர் என்ற மயக்கமே வராது. தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாதது போல ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறீர்கள்.

கொடிவழி அழகான சொல்தான், ஆனால் அது இரத்த உறவு. இங்கே இருப்பது தொழில் உறவு. ‘பரம்பரை’ போதாதா? நாதஸ்வரத்திலும் தவிலிலும் இன்னாரின் சிஷ்ய பரம்பரை என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்?

கீழ்க்கணக்கு | புதன், காலை 8.20

பரம்பரை வடசொல்.

பனங்காய் | புதன், காலை 8.24

தெரியும் ஐயா. வாசகருக்குப் புரியும் என்பதும் தெரியும்.

ரீபவுண்ட் | புதன், காலை 10.47

வட கரோலினாவில் 15 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த ஊரில் இது மதம் மாதிரி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மரமா கொடியா என்று முடிவு செய்யுமுன் உண்மையான ஒரு கிளையைப் பாருங்கள். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்தார். (வென்றது 55, தோற்றது 60. அங்கே தலைமை வகித்தவர்களில் தோல்விக் கணக்கோடு போனவர் அவர் ஒருவரே.) அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடி, 1952 சாம்பியன் அணியில் இருந்தவர் டீன் ஸ்மித். ஸ்மித் பிறகு விமானப்படை அகாடமியில் பாப் ஸ்பியரிடமும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்க் மக்வயரிடமும் உதவியாளராக இருந்து, 1961-இல் மக்வயரின் இடத்துக்கு வந்தார். இப்போது சொல்லுங்கள், ஸ்மித் யாருடைய கிளை? மரம் என்றால் ஒரே அடிமரம்தான். உதவியாளருக்கோ மூன்று நான்கு முதலாளிகள்.

அப்புறம் ராய் வில்லியம்ஸ். ஸ்மித்திடம் 10 வருடம் உதவியாளர். 1988-இல் நேராகக் கான்சாஸுக்குத் தலைமைப் பயிற்சியாளர். 2003-இல் திரும்பி வட கரோலினாவுக்கே வந்தார். மரக்கிளை அடிமரத்துக்குத் திரும்பி வருமா? கொடி வரும். ஐயாவின் வேர்ச்சொல் ஆராய்ச்சி எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் என் ஓட்டு கொடிவழிக்கு.

தாழை | புதன், மதியம் 1.30

நன்றி. இன்னொன்று, ‘ஹெட் கோச் இன் வெயிட்டிங்’. டியூக் பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கி ஓய்வு பெறப்போவதாக 2021-இல் அறிவித்தபோதே அடுத்தவர் ஜான் ஷையர் என்று சொல்லிவிட்டார்கள். ஷையர் 2010 சாம்பியன் அணியின் ஆட்டக்காரர். 2013-இல் சிறப்பு உதவியாளர், மறு ஆண்டு உதவிப் பயிற்சியாளர், 2018-இல் இணைத் தலைமை, 2022-இல் தலைமை. நடுவில் அந்த ஒரு வருடத்துக்கு என்ன பெயர்?

பனங்காய் | புதன், மதியம் 2.11

இளங்கோ!

கீழ்க்கணக்கு | புதன், மதியம் 2.40

நல்ல சொல். ஆனால் இளங்கோ என்றதும் பட்டம் வேண்டாமென்று துறவு பூண்டவர்தான் நினைவுக்கு வருவார். ஷையர் துறக்கவில்லையே. ‘பட்டத்துக்குரியவர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைட்பாய் | புதன், இரவு 11.58

வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்று எழுதத் தோன்றுகிறது.

நான் சினிமாவில் ஒன்பது வருடம் உதவி இயக்குநர், இரண்டு வருடம் இணை இயக்குநர். நீங்கள் தேடுகிற சொல் கோடம்பாக்கத்தில் இருக்கிறது. ‘பட்டறை’. பாரதிராஜா பட்டறையிலிருந்து பாக்யராஜ் வந்தார், பாக்யராஜ் பட்டறையிலிருந்து பாண்டியராஜனும் பார்த்திபனும் வந்தார்கள். டீக்கடையில் சொன்னாலும் புரியும். அடிவாங்கித் தட்டி நிமிர்த்தப்படுகிற இடம் என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது.

மரம், கொடி எல்லாம் மேலே இருப்பவருக்குப் பெருமை சேர்க்கிற சொற்கள். தனியாகப் படம் பண்ணினால்தான் நீ கிளை. பண்ணாதவன்? என் இயக்குநரைப் பற்றி ஒரு விழா மலர் போட்டார்கள். அவரிடமிருந்து வந்து இயக்குநரானவர்கள் பட்டியல் இரண்டு பக்கம். பதினொரு வருடம் கூட இருந்த எனக்கு அதில் இடமில்லை, ஏனென்றால் நான் இன்னும் படம் பண்ணவில்லை. உங்கள் கூடைப்பந்தில் அப்படி ஆட்கள் இல்லையா?

ரீபவுண்ட் | வியாழன், காலை 7.05

இருக்கிறார்கள் அண்ணே. பில் கத்ரிஜ். டீன் ஸ்மித்திடம் 1967-இலிருந்து 1997 வரை 30 வருடம் உதவியாளர். ஸ்மித் ஓய்வு பெற்றபோது கத்ரிஜுக்கு வயது 60. தலைமைக்கு வந்து மூன்றே பருவம் இருந்தார், அதில் இரண்டு முறை அணியை இறுதி நால்வர் சுற்றுக்குக் கொண்டுபோனார். ஸ்மித் 1997-இலும் பதவியிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த மனிதர் எந்த மரத்திலும் வந்திருக்க மாட்டார்.

கொன்ஸாகா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் மார்க் ஃப்யூவுக்குப் பக்கத்தில் 20 வருடம் உட்கார்ந்திருந்தவர் டாமி லாய்ட். வெளிநாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதில் பேர் வாங்கியவர். 2021-இல்தான் அரிசோனாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். முதல் பருவத்திலேயே 33 வெற்றி. அதற்கு முந்தைய 20 வருடத்தையும் ‘ஃப்யூவின் மரம்’ என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

சம்பளக் கதை இதைவிட மோசம். 90-களின் தொடக்கத்தில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு அணியிலும் ஓர் உதவியாளருக்கு வருடத்துக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது. பதவியின் பெயரே ‘ரெஸ்ட்ரிக்டட் எர்னிங்ஸ் கோச்’. வழக்குப் போட்டார்கள். போட்டியாளர்கள் கூடிப் பேசிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைப்பது சட்டவிரோதம் என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. 1999-இல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

தாழை | வியாழன், காலை 7.30

ஐயோ, அதுவும் கட்டுரையில் இருக்கிறது. அதற்கு என்ன சொல்?

கீழ்க்கணக்கு | வியாழன், காலை 7.41

தொகுப்பூதியம் போல வரம்பூதியம். வரம்பு, ஊதியம், உகரம் கெட்டுப் புணரும். வரம்பூதியப் பயிற்றுநர்.

பனங்காய் | வியாழன், காலை 7.50

இதற்கு எதிர்ப்பே இல்லை. ஐயாவும் நானும் ஒத்துப்போன நாளைக் குறித்து வையுங்கள்.

மட்டுறுத்துநர் | வியாழன், மாலை 6.00

இழை 41 மடல்களைத் தாண்டிவிட்டது. ‘ஓட்டுநரா ஓட்டுனரா’ என்று நடுவில் ஓடிய பத்து மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். உதவி, துணை, இணை, கூடுதல் ஆணையர்களில் யார் பெரியவர் என்ற கிளையையும் அப்படியே. என் கணக்கில் கொடிவழிக்கு ஆறு பேர், பட்டறைக்கு நான்கு, பரம்பரைக்கு இரண்டு, ‘கோச்சிங் ட்ரீ’ என்றே விட்டுவிடு என்றவர் ஒருவர். ஆறில் இரண்டு பேர் “சரி, இதோடு முடியுங்கள்” என்று போட்ட ஓட்டு.

லைட்பாய் | வியாழன், இரவு 12.10

விழுது என்றொரு சொல்லும் இருக்கிறது. ஆலமரத்தின் அடியைக் கறையான் அரித்த பிறகும் விழுது தாங்கும் என்று பழம்பாட்டு உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுதான். கத்ரிஜ் கிளை இல்லை, விழுது. ஓட்டுக்கு விடச் சொல்லவில்லை.

தாழை | வெள்ளி, மாலை 4.45

அனுப்பிவிட்டேன். தலைப்பிலும் விளக்கம் வருகிற இடத்திலும் ‘பயிற்றுநர் கொடிவழி’. “இன்னாரிடமிருந்து வந்தவர்” என்று வருகிற இடமெல்லாம் ‘பட்டறை’. கத்ரிஜ் பத்தியில் இரண்டும் ஒட்டவில்லை. “முப்பது வருடம் விழுதாக நின்றார்” என்று எழுதினேன், மூலத்தில் அப்படி இல்லை. லைட்பாய் அண்ணன் மன்னிக்கவும், கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

தாழை | சனி, காலை 11.20

ஆசிரியர் குழுவிலிருந்து மெய்ப்பு வந்திருக்கிறது. கொடிவழி, பட்டறை, வரம்பூதியம், விழுது எதிலும் கைவைக்கவில்லை. பயிற்றுநரை மட்டும் எல்லா இடத்திலும் ‘பயிற்சியாளர்’ ஆக்கிவிட்டார்கள்.

கீழ்க்கணக்கு | சனி, காலை 11.22

அவர்கள் தொலைபேசி எண் வேண்டும்.