2024 படங்கள்: மனசுல நின்னது எது, மனசை நோகடிச்சது எது?

சோமனூர் தறிவீடு:
மோசம்னா எனக்குக் கங்குவாதானுங்க. கதையைப் பத்திப் பேச வரலை. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து தறிக்குடோன்ல நிக்கறவங்க. தறி ஓடறப்ப எதிர்ல இருக்கறவங்க வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்டவங்க, இன்டர்வெலுக்கு முன்னாடியே முந்தானையைச் சுருட்டி ரெண்டு காதுலயும் அடைச்சுக்கிட்டாங்க. “தறி கூட ஒரு தாளத்துல அடிக்கும் கண்ணு, இது எதுக்கு இப்பிடிக் கத்துது?”ன்னு கேட்டாங்க. அப்பறம் தயாரிப்பாளரே வால்யூமை ரெண்டு பாயிண்ட் குறைக்கச் சொல்லி தியேட்டர்களுக்குச் சொன்னதா செய்தி வந்துச்சு. காசு குடுத்து முதல்ல பார்த்த சனங்களோட காதுக்கு யாருங்க பொறுப்பு?

கோபி வாய்க்கா மேடு:
நல்லதுன்னா வாழை. எங்க பக்கம் கதலியும் நேந்திரனும்தான் பொழப்பு, லீவு நாள்ல நானும் தார் சுமந்தவன். படத்துல அந்தச் சின்னப் பசங்க தலைச்சுமையோட சேத்துல நடந்து வர்ற காட்சி. பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், திரையைப் பார்த்துட்டே தன் பொடனியைத் தேய்ச்சுட்டு இருந்தார். இன்டர்வெல்ல “நீங்களும் தார் சுமக்கறீங்களா?”ன்னு கேட்டேன். “இப்ப முடியறதில்லைப்பா, பையன் போறான்”னார். அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசலை. இன்னிக்கும் அவர் கை கழுத்துல இருந்ததுதான் கண்ணுல நிக்குது.

உடுமலை நூல்மில்:
எல்லாரும் வாழையைச் சொல்றீங்க, அதே ஆகஸ்ட் 23 அன்னிக்கு வந்த கொட்டுக்காளியை ஒருத்தரும் சொல்லலையே. படத்துல பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ சத்தம், காத்து, கட்டி வெச்ச சேவல், அவ்வளவுதான். நான் போன ஷோவுல ஆள் ரொம்பக் கம்மி. ஒருத்தர் எழுந்து போய், சவுண்டு வரலைன்னு ஆபரேட்டர்கிட்ட சொல்லிட்டு வந்தார். “படமே அப்பிடித்தான்”னு சொல்லி அனுப்பியிருக்காங்க போல. திரும்பி வந்து உக்காந்தவரு கடைசி வரைக்கும் எழுந்திருக்கலை. படத்துல நாயகன் பாண்டி, நாயகி மீனாவை அடிச்சப்ப “அட, விடுடா அவளை”ன்னு சத்தமாவே சொன்னார். ஒரு இசையும் இல்லாம ஒரு மனுசனை அப்பிடிப் பேச வெச்ச படம் அந்த வருசத்துல வேறெதுங்க?

பல்லடம் ஆல்ரவுண்டர்:
உடுமலை அண்ணா, தப்பா நினைக்காதீங்க. பெர்லின் விழாவுக்குப் போன படம், மதிக்கறேன். ஆனா ஆள் இல்லாத தியேட்டர்ல பார்த்ததை வருசத்தோட சிறந்த படம்னு எப்பிடிங்க சொல்றது? சனங்க சேர்ந்து பார்த்துச் சேர்ந்து சிரிக்கணும், அழுகணும். படிச்சவங்க பாராட்டற படத்துக்கு ஒரு தனி மரியாதை குடுக்கற பழக்கத்தை நாம விடணுங்க. லப்பர் பந்து சனங்களை அப்பிடிச் சேர்ந்து சிரிக்கவும் அழுகவும் வெச்சுது. மாமியாரும் மருமகளும் பேசற இடம், சாதி பார்த்து டீம்ல சேர்க்காத இடம், எதுலயும் பிரசங்கம் இல்லை. கெத்துங்கற பேட்ஸ்மேன் பேட்டைத் தூக்கிட்டு வர்றப்ப பொன்மனச் செல்வன் பாட்டு வந்துச்சே, “நீ பொட்டு வெச்ச”. எனக்கு முன் வரிசையில வெள்ளை வேட்டிக்காரர் ஒருத்தர் எழுந்து நின்னு கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பாட்டுக்காரர் கேப்டன் விஜயகாந்த் இறந்து அப்ப ஒரு வருசம் கூட ஆகலை. உக்காருங்கன்னு யாரும் சொல்லலை.

பெருந்துறை ஒறம்பரை:
மெய்யழகன் ரிலீஸுக்கப்பறம் 18 நிமிசம் வெட்டினாங்களே, அதைத்தான் நான் மோசம்னு சொல்லுவேன். படத்தையில்லை, வெட்டினதை. முழுசாப் பார்த்துட்டு எங்கப்பாவை மறுபடி கூட்டிட்டுப் போனேன். நீங்க விட்டுட்டுப் போன சைக்கிள்தான் எங்க குடும்பத்தைக் காப்பாத்துச்சுன்னு கார்த்தி சொல்ற இடத்துல அப்பா என்ற கையைப் புடிச்சுக்கிட்டார். ராத்திரி பூரா ரெண்டு பேர் பேசறதுதான் படமே, அதுல பேச்சைக் குறைச்சா எப்பிடி?

பழைய ஆபரேட்டர், தாராபுரம்:
சோமனூர் அம்மிணிக்கு ஒரு விசயம். நான் பிலிம் ரீல் காலத்துல இருந்து கேபின்ல இருந்தவன். எனக்குப் புடிச்சது மகாராஜா, அது இருக்கட்டும். தியேட்டர்ல சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற சவுண்டு புராசஸர்ல 7-ங்கறதுதான் அளவு. ஸ்டுடியோவுல அதை வெச்சுத்தான் மிக்ஸ் பண்ணோணும். சத்தம் ஜாஸ்தின்னு சனங்க சொன்னா தியேட்டர்ல 5-க்கோ 4½-க்கோ இறக்கி வெச்சுருவாங்க. இறக்கறாங்கன்னு தெரிஞ்சு ஸ்டுடியோவுல இன்னும் ஏத்தி மிக்ஸ் பண்ணுவாங்க. இப்பிடியே போட்டி போட்டுத்தான் சத்தம் ஏறுது. அதனால படம் ஆரம்பிச்சுப் பத்து நிமிசத்துல காது வலிச்சா கேபினுக்கே ஆள் அனுப்புங்க, குறைக்கறது ஒரு திருகு வேலை. சீட்டு எடுக்கறப்ப திரையில இருந்து மூணுல ரெண்டு பங்கு தூரம், நடு வரிசை. சுவத்தோரம் வேண்டாம், சரவுண்டு ஸ்பீக்கர் காதுக்கு நேரா அடிக்கும். அம்மாவுக்கு மெடிக்கல்ல காது அடைப்பான் கிடைக்கும், வாங்கிக் குடுங்க. பெரிய படத்துக்கு முதல் நாளே போகாதீங்க, ரெண்டு மூணு நாள் போகட்டும், அதுக்குள்ள ஆபரேட்டருக்கே அளவு புரிஞ்சுரும். தறிக்குடோனுக்கும் அந்த அடைப்பானை அவிய போட்டுக்கட்டும்.